திருச்செங்கோட்டு மலை இப்போது எந்தக் கட்டத்தில்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நிலவியலாளர்

கேள்வி: எட்டாம் வகுப்பில் பாறைச் சுழற்சி நடத்தினேன். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை, மறுபடியும் பாறைக்குழம்பு என்று படம் வட்டமாகப் போகிறது. ஒரு பையன் எழுந்து, "நம்ம ஊர் மலை இப்போ இந்த வட்டத்துல எங்க இருக்கு மிஸ்?" என்று கேட்டுவிட்டான். என்ன சொல்வது?
– ஓர் ஆசிரியை, திருச்செங்கோடு

பதில்: அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லிவிடுங்கள் டீச்சர். உத்தியோக காலம் முழுக்கச் சுத்தியலும் லென்ஸுமாக அலைந்தவன் நான். அந்த வட்டப் படம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. எல்லாக் கல்லும் ஒரே வரிசையில், ஒரு நிலை விடாமல் சுற்றி வரும் என்ற எண்ணத்தை அது பிள்ளைகள் மனதில் போட்டுவிடுகிறது. எந்தக் கல்லும் அப்படி ஒழுங்காகச் சுற்றுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வழி. அந்த வழியைக் கல்லின் மணிகளிலேயே, அதாவது அதிலுள்ள கனிமத் துகள்களிலேயே படித்துவிடலாம்.

உங்கள் மலை கிரானைட். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரை பரவியிருக்கும் கிரானைட்டின் ஒரு பகுதி. வயது ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகள். சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டும்போது வருகிற வரிவரியான நைஸ் பாறை இருக்கிறதே, அது இதைவிட மிகப் பழையது, 250 கோடி ஆண்டை ஒட்டியது. ஆக, ஊருக்கே அடையாளமாக நிற்கும் மலை, அந்த மண்ணில் பிற்பாடு வந்து குடியேறிய கல்தான்.

வந்த கதை இது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா எல்லாம் மோதிச் சேர்ந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான காலம் அது. மோதுகிற இடத்தில் பூமியின் மேலோடு மடிந்து தடிக்கும். தடித்த மேலோட்டின் அடிப்பகுதி கீழே அமுங்கிச் சூடேறும். பாறைக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் சிதைந்து தரும் வெப்பமும் அதோடு சேரும். இப்படிச் சூடாகும் பழைய பாறை முழுதாக உருகிவிடுவதில்லை. அதில் எளிதில் உருகக்கூடிய பகுதி, அதாவது சிலிக்கா, பொட்டாசியம், சோடியம் நிறைந்த பகுதி, முதலில் உருகிக் கசியும். கொஞ்சம் நீர் இருந்தால் 700 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்திலேயே இது தொடங்கிவிடும். கசிந்தது ஒன்றுகூடும். சுற்றியுள்ள கல்லைவிட எடை குறைவு என்பதால் மேலே ஏறும். வெடிப்பு கிடைத்த இடத்தில் நுழையும். பெரும்பாலும் தரைக்கு வந்து சேராது, சில கிலோமீட்டர் கீழேயே நின்றுவிடும்.

நின்ற இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். பாறை வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். பல கிலோமீட்டர் கனமான பாறைக்கு அடியில் கிடக்கும் குழம்பு ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அவ்வளவு அவகாசம் கிடைத்தால் அணுக்கள் நகர்ந்து போய்த் தம் இனத்தோடு சேரும், படிகம் பெரிதாக வளரும். மலைப்படியில் ஏறும்போது ஓரத்துப் பாறையைப் பையன்களிடம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பாக, உடைந்த முகம் தட்டையாகப் பளபளப்பது பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடித் துண்டு போல மங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். ஏடு ஏடாக மின்னும் கறுப்புப் புள்ளி மைக்கா, நம் பக்கத்துக் காக்காப்பொன். மூன்றையும் வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிறது அல்லவா? இந்தக் கல் வெளிக்காற்றே படாமல் ஆழத்தில் ஆறியது என்பதற்கு அதுவே சாட்சி.

குழம்பு பெரும்பகுதி உறைந்த பிறகு கடைசியாக ஒரு மிச்சம் இருக்கும். நீரும், படிகங்களில் இடம் கிடைக்காத போரான், பெரிலியம் போன்ற தனிமங்களும் அதில்தான் போய்ச் சேரும். அது மிகவும் நீர்த்தது என்பதால் அணுக்கள் விரைவாக நகரும், படிகங்கள் கையளவுகூட வளரும். இதற்குப் பெக்மடைட் என்று பெயர். உங்கள் ஊரைச் சுற்றி வயல்களில் வெள்ளைக்கல் என்று ஒதுக்கிப் போட்டிருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துண்டுகள் பல இந்த வகைதான். காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கிடைத்த கடல்நீல பெரில் கற்களும் இப்படி மிச்சக் குழம்பில் விளைந்தவையே. பெரில் இந்தியாவில் கிடைக்கிறது, வேறெங்கும் கிடைப்பது அரிது என்று ரோமானியர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்.

அப்புறம் மேலே மூடியிருந்த பாறை முழுவதும் மழையிலும் காற்றிலும் கரைந்து போக வேண்டியிருந்தது. போயிற்று. சுற்றியிருந்த நைஸ் சீக்கிரம் தேய்ந்தது, கிரானைட் தாக்குப்பிடித்து மலையாக எஞ்சியது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் போனதும் கல் லேசாக விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக வெடித்து ஏடு ஏடாக உரிகிறது. மலை வழுக்கையாக, உருண்டையாக இருப்பது அதனால்தான்.

சரி, பையனுக்குப் பதில். மலை இன்னமும் தீப்பாறைதான், ஆனால் மணலாவதற்குக் கிளம்பிவிட்டது. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமிலவாயு ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல அரித்துக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் எதற்கும் மசியாமல் மணலாக உதிர்கிறது. இரண்டையும் ஓடைகள் காவிரிக்குக் கொண்டு போகின்றன. கொஞ்சம் கழனியில் தங்கும், கொஞ்சம் டெல்டாவில் படியும், மீதி வங்கக் கடலுக்குள் போகும். அங்கே புதைந்து இறுகினால் படிவுப்பாறை. இந்த இடத்தில்தான் வட்டம் உடைகிறது. இந்த மலையின் அடிவாரம் தேய்ந்து மணலாகாமலேயே வருங்கால மோதல் ஒன்றில் ஆழத்துக்குத் தள்ளப்பட்டால் நேரே உருமாறிய பாறையாகும். இன்னும் சூடேறினால் திரும்ப உருகித் தீப்பாறையாகவே பிறக்கும். கடலூர்ப் பக்கத்துச் செம்மணற்பாறையில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகள் மேற்கேயுள்ள பழைய பாறைகளிலிருந்து உதிர்ந்தவை. அவை மறுபடி மண்ணுக்குள் போய்ச் சுட்டுப்பழுக்காமலேயே திரும்ப உதிர்ந்து, இன்னொரு தடவை மணலாகிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை படம் வரையும்போது வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அம்புக்குறி போட்டுவிடுங்கள். பரீட்சையில் மார்க் குறைத்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: பூமிக்குள் முழுக்க நெருப்புக்குழம்பு கொதிக்கிறது, நாம் மெல்லிய ஓட்டின் மேல் நிற்கிறோம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் நம் ஊரில் ஏன் எரிமலை இல்லை?
– வாசகர், ஈரோடு

பதில்: வீடியோக்காரருக்கு நல்ல கற்பனை. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப் பாறை. நிலநடுக்க அலைகளில் எஸ் அலை என்று ஒன்று உண்டு, அது திரவத்துக்குள் போகாது. கவசத்துக்குள் அது தாராளமாகப் போகிறது. அதற்கும் கீழே, பூமியின் நடுப்பகுதியான கருவத்தின் வெளி அடுக்கில், வெளிக்கருவத்தில்தான் நின்றுவிடுகிறது. அங்கே இருப்பதும் உருகிய இரும்பு, பாறைக்குழம்பு இல்லை. இந்த அலைகளை நிலநடுக்கப் பதிவுகளில் இனம் பிரித்துக் காட்டியவர், பூமிக்குக் கருவம் ஒன்று உண்டு என்று 1906-இல் சான்றோடு சொன்னவர், ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1897 அசாம் பூகம்பத்தை ஆராய்ந்ததில் கிடைத்த தெளிவு அது. எங்கள் துறைக்காரர் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

அத்தனை சூட்டிலும் கவசம் ஏன் உருகவில்லை? அழுத்தம்தான் காரணம். அழுத்தம் கூடக்கூட உருகுநிலையும் கூடும். ஆகவே பாறைக்குழம்பு வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும்.

முதலாவது, அழுத்தம் குறைய வேண்டும். குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வரை பொங்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடியை அவசரப்பட்டுத் திறந்தால், அடுப்பைக் கூட்டாமலேயே குபீரென்று பொங்கி முகத்தில் அடிக்கிறது. கவசப் பாறையும் அப்படித்தான். சூடு குறையாமல் மேலே ஏறி வந்தால் அழுத்தம் தளர்ந்து ஒரு பகுதி உருகிவிடும். நடுக்கடல் மலைத்தொடர்களில் இதுதான் நடக்கிறது. உலகத்தின் கடலடித் தரை முழுக்க பசால்ட் என்ற கறுத்த எரிமலைக் கல்லாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, நீர் சேர வேண்டும். கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் சரிந்து இறங்கும்போது, தன் கனிமங்களில் பிடித்து வைத்திருக்கும் நீரை ஆழத்தில் விட்டுவிடும். அந்த நீர் பட்டதும் மேலேயுள்ள கவசப் பாறையின் உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கிவிடும். அந்தமானில் பாரன் தீவு எரிமலை இந்த வகை. நம் நாட்டில் உயிரோடிருக்கும் எரிமலை அது ஒன்றுதான். நூறு வருஷத்துக்கும் மேல் தூங்கிவிட்டு 1991-இல் எழுந்தது, அதன் பிறகும் அவ்வப்போது புகைந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது வெளிச்சூடு. கீழிருந்து ஏறிவரும் 1,200 டிகிரி பசால்ட் குழம்பு மேலோட்டின் அடியில் தேங்கினால் அந்தப் பகுதியை உருக்கிவிடும். மேலோடு தடித்துச் சூடேறுவதும் இதே கணக்கில்தான் வரும். திருச்செங்கோடு டீச்சருக்குச் சொன்ன கதை.

ஈரோட்டுக்குக் கீழே இன்று இந்த மூன்றில் எதுவும் நடக்கவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: திருவண்ணாமலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது என்கிறார்களே?
– வாசகி, ஆரணி

பதில்: அக்னித் தலம் என்பது பக்தி, அதில் நான் தலையிட மாட்டேன். கல்லைக் கேட்டால், அது ஆழத்தில் உருவான, கரடுமுரடான மணிகள் கொண்ட படிகப்பாறை. எரிமலை கக்கிய குழம்பு தரையில் ஓடிச் சட்டென்று ஆறினால் மணிகள் கண்ணுக்கே தெரியாது, வாயு வெளியேறிய துளைகளும் இருக்கும். அப்படி எதையும் அந்த மலையில் காணோம். தமிழ்நாட்டில் கூம்பு வடிவ மலை ஒவ்வொன்றுக்கும் எவராவது எரிமலைப் பட்டம் கட்டிவிடுகிறார்கள். வடிவம் மழையும் வெயிலும் செதுக்கியது.

கேள்வி: வீடு கட்டுகிறேன். சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் போடலாமா, வெள்ளை கிரானைட் போடலாமா? இரண்டும் கிரானைட் என்றால் நிறம் ஏன் மாறுகிறது?
– வாசகர், மதுரை

பதில்: கடைக்காரர் அகராதியில், வெட்டிப் பாலிஷ் போட முடிகிற கடினமான கல் எல்லாமே கிரானைட். அவர்மேல் குற்றமில்லை, உலகம் முழுக்க இந்த வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு உண்மையில் டாலரைட். பழைய பாறையின் வெடிப்புக்குள் பசால்ட் வகைக் குழம்பு புகுந்து, சுவர் போல நின்று உறைந்தது. ஆழம் அதிகமில்லாத இடத்தில் ஆறியதால் மணி சிறிது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் பாரடைசோ, பாதி உருகி நின்றுபோன உருமாறிய பாறை. அதன் சுழிகளும் வளைவுகளும் அந்தப் பாதி உருகலின் தடம். உங்கள் மதுரைப் பக்கம் வெட்டியெடுக்கிற காஷ்மீர் ஒயிட்டுக்கும் காஷ்மீருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதில் சிவப்புப் பொட்டாகத் தெரிவது கார்னெட், அதுவும் உருமாறிய பாறைதான்.

நிறக் கணக்கை அமெரிக்காவில் நார்மன் போவன் என்பவர் பரிசோதனைச் சாலையில் கல்லை உருக்கி உருக்கிக் கண்டுபிடித்தார். 1915-க்கும் 1928-க்கும் இடையில் வெளிவந்த வேலை அது. குழம்பு ஆறும்போது எல்லாக் கனிமமும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. இரும்பும் மக்னீசியமும் நிறைந்த ஆலிவின், பைராக்சீன் போன்ற கறுத்த, கனத்த கனிமங்கள் அதிகச் சூட்டிலேயே உறையும். பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், மஸ்கோவைட் மைக்கா, கடைசியில் குவார்ட்ஸ் என்று வெளுத்த கனிமங்கள் தாமதமாக உறையும். முதலில் உறைந்தவை அடியில் தங்கிவிட, மிச்சக் குழம்பு மட்டும் மேலே போனால் அதிலிருந்து பிறக்கும் கல் வெளுப்பாக இருக்கும். ஒரே குழம்பிலிருந்து வேறு வேறு கல் பிறக்க இது ஒரு வழி.

சமையல் மேடைக்கு இரண்டுமே தாங்கும். கறுப்பில் எண்ணெய்க் கறை தெரியாது, வெள்ளையில் மஞ்சள் தூள் கறை தெரியும். கடையில் மார்பிளை கிரானைட் என்று தள்ளிவிடப் பார்த்தால் ஒரு மூலையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொஞ்ச நேரம் விடுங்கள். மார்பிள் சுண்ணாம்பு வகை என்பதால் பளபளப்பு போய்விடும். மற்றவை அசையாது.

கேள்வி: கல் நெருப்பிலிருந்து பிறக்கிறது என்று முதலில் யார் சொன்னார்கள்? எரிமலையைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: எரிமலைக் கல் நெருப்பிலிருந்து வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான் தம்பி. கிரானைட் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் செல்வாக்கோடு இருந்தவர் ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் சுரங்கப் பள்ளி ஆசிரியர் ஆபிரகாம் வெர்னர். ஆதியில் உலகை ஒரு பெருங்கடல் மூடியிருந்தது, கிரானைட்டும் பசால்ட்டும் அந்த நீரிலிருந்து படிந்தவை என்பது அவர் கட்சி. வகுப்பெடுப்பதில் மன்னர், ஐரோப்பா முழுக்க சீடர்கள்.

எதிர்க்கட்சி ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன். கிரானைட் நீரில் முதலில் படிந்ததாக இருந்தால், அதன் மேல் பிற்பாடு வந்த கல்லுக்குள் அது நுழைந்திருக்க வழியில்லை. உருகிய குழம்பாக வந்திருந்தால், ஏற்கெனவே இருந்த கல்லைக் கிழித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். 1785-இல் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கில் ஆற்றுப்படுகையிலேயே அதைக் கண்டார். கறுத்த பழைய பாறைக்குள் சிவந்த கிரானைட் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. மனிதர் துள்ளிக் குதித்த குதியைப் பார்த்து, தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று கூட வந்த வழிகாட்டிகள் நினைத்தார்களாம்.

இதில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஹட்டனின் இளைய நண்பர் ஜேம்ஸ் ஹால். வெர்னர் கட்சிக்காரர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள்: கல்லை உருக்கி ஆறவிட்டால் கண்ணாடிதானே வருகிறது, படிகக் கல் எங்கே வருகிறது? கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் தற்செயலாக மெதுவாக ஆறிய கண்ணாடி, கல் போலப் படிகமாகிப் போனது ஹாலுக்குத் தெரிய வந்தது. அப்படியானால் கல்லையும் உருக்கி மெதுவாக ஆறவிட்டுப் பார்ப்போமே என்றார். ஹட்டனுக்கு அது பிடிக்கவில்லை. பூமியின் பெருங்காரியத்தைச் சின்ன மண்குவளைக்குள் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது அவர் எண்ணம். ஹாலும் பெரியவருக்கு மரியாதை கொடுத்து, அவர் சொல்லைத் தட்டி எதையும் வெளியிடாமல் இருந்தார். ஹட்டன் 1797-இல் இறந்தார். மறு வருஷமே ஹால் தன் முடிவுகளை அரங்கேற்றினார். இரும்பு வார்ப்பு உலையில் எடின்பரோவின் கறுங்கல்லை உருக்கி வேகமாக ஆறவிட்டால் கறுப்புக் கண்ணாடி. அதையே திரும்பச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் மறுபடி படிகக் கல். ஒரே பொருள், ஆறும் வேகம் மட்டும் வேறு. ஹட்டன் சரியாகச் சொன்னதை, ஹட்டன் வேண்டாமென்ற முறையில்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: குதிகால் தேய்க்கும் கல் தண்ணீரில் மிதக்கிறதே, அது கல்தானா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அசல் பியூமிஸ் என்றால் கல்லேதான். வாயு நிறைந்த குழம்பு வெடித்துச் சிதறும்போது நுரையோடு அப்படியே உறைந்த கண்ணாடி. 1883-இல் கிரகடோவா வெடித்தபோது இப்படிப்பட்ட கற்கள் திட்டுத் திட்டாக மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயின. கடையில் விற்பதில் சிமென்ட் உருண்டையும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அந்தேரியில் கில்பர்ட் ஹில் என்று ஒரு செங்குத்தான கறுங்குன்று இருக்கிறது. பட்டை பட்டையாகத் தூண்களை அடுக்கியது போல. யாராவது செதுக்கினார்களா? எங்கள் கோவில்பட்டிக் கரிசல் மண்ணும் அந்த எரிமலையின் மண்தான் என்கிறார் நண்பர்.
– மும்பைவாழ் வாசகர்

பதில்: எவரும் செதுக்கவில்லை. கனமாகத் தேங்கிய பசால்ட் குழம்பு ஆறும்போது சுருங்கும். சுருக்கம் எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதால் வெடிப்புகள் பெரும்பாலும் அறுகோணமாக விழும். மேற்பரப்பில் தொடங்கிய வெடிப்பு, குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்கக் கூடவே இறங்கித் தூணாகிவிடும். உடுப்பிக்குப் பக்கத்தில் செயின்ட் மேரீஸ் தீவிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் அது வேறு காலம், வேறு வகைக் குழம்பு, மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்த சமயத்தது.

உங்கள் மும்பைப் பக்கத்துப் பசால்ட், தக்காணப் பீடபூமியில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பாய்ந்த குழம்பு. இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அதில்தான். மகாராஷ்டிரத்துக் கரிசல் அந்தக் கல் மக்கி வந்தது, நண்பர் சொன்னதில் அவ்வளவு சரி. அந்தக் குழம்பு கோவில்பட்டி வரை வரவே இல்லை. அங்கே அடியில் இருப்பது நைஸ் வகைப் பாறை. வறண்ட தட்பவெப்பம், சரியாக வடியாத சமவெளி, சுண்ணாம்புச் சத்து எல்லாம் சேர்ந்தால் பசால்ட் இல்லாமலும் கரிசல் உருவாகும்.

கேள்வி: பல்லாவரத்துக் கல்லுக்கு உலகப் புகழாமே? தீப்பாறையா, உருமாறிய பாறையா? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.
– போட்டித் தேர்வு எழுதுபவர், குரோம்பேட்டை

பதில்: இரண்டு புத்தகமும் பொய் சொல்லவில்லை. கல்கத்தாவில் 1690-இல் குடியேறிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்நாக்கின் கல்லறைக்கல் இந்த வகை. சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அதே கல்லைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் ஆராய்ந்து 1893-இல் சார்நாக்கைட் என்று பெயர் வைத்தார். ஹைபர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கலந்த கிரானைட் என்று எடுத்துக்கொண்டு, தீப்பாறை என்றே எழுதினார். உடைத்துப் பார்த்தால் நீலம் கலந்த கருஞ்சாம்பல், எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கு. நீலகிரி முழுக்க இந்தக் கல்தான்.

பிறகு கர்நாடகத்தில் கப்பல்துர்காவில் சி.எஸ். பிச்சமுத்து ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சாம்பல் நிற நைஸ் பாறைக்குள்ளேயே திட்டுத் திட்டாகச் சார்நாக்கைட். நைஸின் வரிகள் அந்தக் கறுத்த திட்டுகளுக்குள்ளும் மங்கலாகத் தொடர்ந்து போகின்றன. குழம்பு புகுந்திருந்தால் வரியை வெட்டியிருக்கும். அப்படியென்றால் கல் உருகாமல், இருந்த இடத்திலேயே நீரை இழந்து மாறியிருக்கிறது. உருவாகிக்கொண்டிருக்கும் சார்நாக்கைட் என்று 1960-இல் நேச்சர் இதழில் எழுதினார். இன்றைய நிலை: சில இடங்களில் நேரே குழம்பிலிருந்து உறைந்தது, பல இடங்களில் உருமாற்றத்தில் பிறந்தது. தேர்வில் வாய்ப்பு கொடுத்தால் 'உருமாறிய பாறை' என்று டிக் அடித்துவிட்டு வாருங்கள், விவாதத்தை வேலை கிடைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நிலாவில் இருக்கும் கல் நாமக்கல்லிலும் இருக்கிறதாமே, உண்மையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பரமத்தி வேலூர்

பதில்: உண்மை, அதுவும் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அம்மா. சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கும் அனார்த்தோசைட். சந்திரயான்-2 தரையிறங்குவதைப் பரிசோதிக்க நிலவு மண் போல ஒரு மண் வேண்டியிருந்தது. அதற்காக இந்தக் கல்லை அரைத்துத்தான் இஸ்ரோ பெங்களூரில் பரிசோதனைத் தளம் அமைத்தது.

நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பகுதி முழுக்க உருகிய பாறைக்கடலாக இருந்தது. ஆறும்போது ஆலிவினும் பைராக்சீனும் கனம் தாங்காமல் கீழே இறங்கின. கால்சியம் நிறைந்த பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் எடை குறைவு, மேலே மிதந்து ஒன்றுசேர்ந்து அனார்த்தோசைட் ஓடாக உறைந்தது. முழு நிலவில் வெளுப்பாகத் தெரிவது அந்த ஓடு. கறையாகத் தெரிவது பிற்பாடு பள்ளங்களில் பாய்ந்த பசால்ட். 1969-இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் கிடந்த சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகளை வைத்துத்தான் இந்தக் கதையை முதலில் ஊகித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 தென் துருவத்தை நோக்கிய பகுதியில் இறங்கியதே, அதன் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணும் அதே வகையாக இருந்தது. 2024-இல் அந்த முடிவு வெளியானது. பாறைக்கடல் கதைக்கு, அதுவரை யாரும் போகாத இடத்திலிருந்து ஒரு சாட்சி.

சித்தம்பூண்டிக் கல் இதே விதமாகப் பிறந்தது என்று நினைத்துவிடாதே. இங்கே பாறைக்கடல் கிடையாது. பூமிக்குள் ஒரு குழம்புத் தேக்கத்தில் கனிமங்கள் அடுக்கடுக்காகப் பிரிந்து உறைந்தது. நடுவில் குரோமைட் அடுக்குகள்கூட உண்டு. பின்னால் ஆழத்துக்குப் போய்ச் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி, ஏறக்குறைய 250 கோடி வயதில் இப்போது உன் ஊர் வெயிலில் கிடக்கிறது. நிலாக் கல்லுக்கு அந்த உருமாற்றமும் இல்லை, மழையும் இல்லை.

கேள்வி: கல்லைப் படம் எடுத்து அனுப்பினால் பெயர் சொல்வீர்களா?
– பலர்

பதில்: சொல்ல முயல்கிறேன். வெயிலில் கறுத்த மேல்தோலைப் படம் எடுக்காதீர்கள், புதிதாக உடைந்த முகம் வேண்டும். அதைத் தண்ணீரில் நனைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, நிழலில் எடுங்கள். எந்த ஊர், தானாகக் கிடந்ததா குவாரியிலிருந்து வந்த ஜல்லியா என்று ஒரு வரி எழுதுங்கள். கோயில் கல்லை உடைக்காதீர்கள். மலையில் கிடைத்த கல்லை மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு அனுப்பினால் எனக்கு மணிகள் தெரியாது.